பஞ்சாமிர்தம் குடித்த துப்பாக்கி

ஒரு கைத்துப்பாக்கி பாலும் தேனும் ஒரு படிப் பஞ்சாமிர்தமும் வயிறுமுட்டக் குடித்தது. இரவு முழுக்க எறும்புகளுக்கு விருந்து வைத்தது. மறுநாள் காலையில் குளிக்காமல் கொள்ளாமல் முப்பது தோட்டாக்களை ஒரு தும்மல்கூட இல்லாமல் சுட்டுத் தள்ளியது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு படியெல்லாம் இல்லை, அரைப்படிதான் என்பாள் என் மனைவி வடிவம்மாள். கிண்டியவள் அவள், ஊற்றியவன் நான். அளவு எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றேழு புரட்டாசியில் நடந்தது இது. மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருஷம் பாபநாசம் பவர்ஹவுஸைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றபின், பாளையங்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு நான்தான் காரியதரிசி. கிளப் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் ஓட்டுக் கட்டிடம், அதற்குள் இரும்புக் கதவு போட்ட ஆயுத அறை, பின்னால் மண்மேடு, மேட்டுக்கு முன்னால் காகிதக் குறிகள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் கிளப் முழுக்க ஒரே பேச்சு: சித்ரலேகா டீச்சர் எந்தத் துப்பாக்கி வாங்குவாள்?

அவள் வள்ளியூரில் விளையாட்டு ஆசிரியை. முந்தின வருஷம் சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில், இரவல் துப்பாக்கியோடு போய் இரண்டாம் இடத்தில் நின்றவள். கடைசிச் சுற்றில் அந்தத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. தோட்டா உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றதில், டீச்சர் நான்காம் இடத்துக்கு இறங்கி ஊர் திரும்பினாள். சொந்தத் துப்பாக்கிக்கு மனுப்போட்டு மூன்று வருஷம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து, ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. வந்த லைசென்ஸில் ஒரு தேதி போட்டிருந்தது. அந்தத் தேதிக்குள் துப்பாக்கியை வாங்கிப் பதிந்தாக வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான். தேதி, விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை.

வாங்குவதற்கு இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. இரண்டுமே முழு அளவு. ஜேபியில் ஒளித்துவைக்கிற குட்டி ஜாதி இல்லை, கை நிறையப் பிடிக்கிற ஜாதி.

ஒன்று ஞானசம்பந்தனுடையது. மணிமுத்தாறு பட்டாலியனில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்க எஃகு. நாற்பது வருஷத்துச் சாமான், இன்றைக்கும் கண்ணாடி மாதிரி மின்னும். "துப்பாக்கிக்கு வயசாகல. எனக்குத்தான் கை நடுங்குது" என்று அதை விற்க வந்திருந்தார்.

மற்றது பீர் முகம்மதுவுடையது. காயல்பட்டினத்துக்காரர், இருபது வருஷம் துபாயில் இருந்தவர். அவர்கள் ஊரில் மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடுவது வழக்கம், நாங்களும் காக்கா என்றே கூப்பிடுவோம். கஸ்டம்ஸ்காரர்கள் பறிமுதல் செய்து விற்ற துப்பாக்கியை முறைப்படி மனுப்போட்டு வாங்கி, அந்த வருஷம்தான் கிளப்பில் சேர்ந்திருந்தார். ஆறு மாதத்தில் வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. அந்தத் துப்பாக்கிக்குக் குழாயும் மேல்மூடியும்தான் இரும்பு. பிடியும் உடம்பும் கறுப்பு பாலிமர். நாங்கள் பிளாஸ்டிக் என்போம், காக்கா ஒவ்வொரு தடவையும் திருத்துவார். அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது, காற்றடித்தால் பறந்துவிடும் என்று பயந்து நான் ஜன்னலைச் சாத்தினேன்.

"ஆறு மாசம் எங்க ஊரு உப்புக் காத்துல கிடந்திருக்கு. ஒரு பொட்டுத் துரு காட்டும் பாப்போம்" என்பார் காக்கா. "சித்திரை வெயில்ல உங்க எஃகைப் பிடிச்சா தோசைக்கல்லைப் பிடிச்ச மாதிரி. இது சுடாது."

"சுடாதுங்கதைத்தான வே நானும் சொல்லுதேன்" என்பார் ஞானசம்பந்தன். "துப்பாக்கின்னா கனம் வேணும். கனம் இருந்தாத்தான் வெடிக்கையில கையில நிக்கும். இது என்ன, வாளி செஞ்ச மிச்சத்துல வார்த்ததா? ஒரு வருஷத்துல வாளிக்குக் காது பிய்யுத மாதிரி இதுக்கும் பிடி பிய்யும்."

"மேல்பாரமும், வெடிக்கையில பின்னால உதைக்கதும் கம்மி, அண்ணாச்சி. மணிக்கட்டு அலுக்காது. சுத்தியல் கிடையாது, தனியா தட்டிவிடுத சேஃப்டி பூட்டு கிடையாது. எடுத்தமா, குறி பாத்தமான்னு இருக்கும்."

"பூட்டு இல்லாத வீட்டுல பொண்ணு குடுப்பீரா வே?"

இப்படியே மூன்று மாதம். டீச்சர் இருவர் சொல்வதையும் நோட்டில் குறித்துக்கொள்வாள், இரண்டையும் சுட்டுப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் வள்ளியூர் பஸ்ஸைப் பிடிப்பாள். விஜயதசமியன்று இரண்டையும் கடைசியாகச் சுட்டுப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதில் ஒரு சிக்கல் இருந்தது. பெயர் மாற்ற மனுவோடு, ஆயுதம் நல்ல நிலையில் இருக்கிறது என்று விஷயம் தெரிந்தவர் எழுதிய சான்று வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அப்படி எழுதக்கூடியவர் ஞானசம்பந்தன் ஒருவர்தான். "வாளிக்கெல்லாம் நான் சான்று எழுத மாட்டேன்" என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இப்போது பஞ்சாமிர்தத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜையன்று மாலை ஆயுத அறையில் மேஜை போட்டு, எல்லாத் துப்பாக்கிகளையும் வரிசையாக வைத்து, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைப்போம். நடுவில் பெரிய பித்தளைத் தாம்பாளம், அதில் முழ உயர வேல். அபிஷேகம் வேலுக்குத்தான். அந்த வருஷம் புதிதாகக் கிளப்புக்கு வந்த ஆயுதத்தை வேலின் காலடியில் வைப்பது வழக்கம். அதுவரை அப்படி வைத்தவை எல்லாம் நீள ரைபிள்கள். தாம்பாளத்துக்கு வெளியே சாய்த்து வைத்துவிடுவோம். இந்த வருஷத்துப் புதுசு காக்காவின் கைத்துப்பாக்கி. அச்சில் வார்த்தது போலத் தாம்பாளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. காலி என்று எல்லோரும் பார்க்கும்படி மேல்மூடியைப் பின்னால் இழுத்துத் திறந்து வைக்க வேண்டும் என்பது கிளப் விதி. திறந்தே வைத்தோம். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி அதே தாம்பாளத்தில் பக்கத்தில் வைத்தோம்.

நான் பதிகத்தை ஆரம்பித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடிய கண்ணோடு பாலை ஊற்றினேன், தேனை ஊற்றினேன், பஞ்சாமிர்தத்தை வழித்து வழித்து ஊற்றினேன். கண்ணைத் திறந்தபோது வேல் மட்டும் நின்றது. துப்பாக்கியைக் காணோம். அது இருந்த இடத்தில் வாழைப்பழ மேடு ஒன்று இருந்தது.

"ஐயய்யோ, காக்கா துப்பாக்கி!" என்றாள் டீச்சர். எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத!" என்றாள் வடிவம்மாள். "பூசைக்கு வச்சதை நாளைக்குக் காலம்பற மறுபூசை முடிச்சுத்தான் எடுக்கணும்."

நான் காக்காவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. அவரோ நிதானமாக வடிவம்மாளிடம், "இருக்கட்டும் மதினி. உங்க முறைய மாத்த வேண்டாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகும் என்று அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். வெளியே வந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஞானசம்பந்தன் அன்றைக்கு இல்லை. தச்சநல்லூரில் மகள் வீட்டுப் பூஜைக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் திருநெல்வேலி ஜில்லாவின் பாதி எறும்பு மேஜைமேல் இருந்தது. மறுபூஜையை முடித்து, துப்பாக்கியை எடுத்து வேட்டி முனையால் வெளியே துடைத்தேன். தாம்பாளத்தையும் மேஜையையும் வடிவம்மாள் கழுவிவிட்டாள். குழாய்க்குள் கம்பியில் துணி சுற்றி நாலு தடவை விட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அங்கே அடைத்திருந்தால் சுடுகிறவர் உயிருக்கே ஆபத்து, அதில் நான் விளையாட மாட்டேன். மற்ற பாகத்தையெல்லாம் கழற்றிக் கழுவலாம் என்று காக்கா மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போது ஞானசம்பந்தன் வந்து நின்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு படி பஞ்சாமிர்தம்?"

"ஒரு படி."

"உள்ளுக்குள்ள?"

"உள்ளுக்குள்ள."

"பவர்ஹவுஸ்ல கரண்டு கம்பியக் கையில பிடிச்சுக்கிட்டே காப்பி குடிச்சேன்னு சொன்னவருதான வே நீரு?"

அந்தக் காப்பியும் உண்மைதான், ஆனால் அது வேறு கதை.

அவர் மேல்மூடியை எட்டிப் பார்த்தார். வெளியே பளபளவென்று இருந்தது. என் வேட்டி செய்த துரோகம். "இங்கன பஞ்சாமிர்தமும் இல்ல, பருப்புக் குழம்பும் இல்ல. இவரு வாளிய விக்கதுக்கு நீரு கதை கட்டுதீரு. நாளைக்குச் சந்தைல போயி, அபிஷேகம் பண்ணிச் சுட்டோம்பீரு."

"அண்ணாச்சி, நம்பலைன்னா விடுங்க. கழுவிட்டுச் சுடுவோம்" என்றார் காக்கா.

"கழுவாதீங்க காக்கா" என்றாள் டீச்சர்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் காதுப் பஞ்சைச் செருகிக்கொண்டே சொன்னாள்: "சுத்தமா இருக்கையில எல்லாத் துப்பாக்கியும் நல்லாத்தான் சுடும். மூணு மாசமா ரெண்டையும் சுத்தமாச் சுட்டுத்தான் எனக்கு முடிவு வரல. போன வருஷம் என்னைக் கவுத்தது குறி இல்ல, சிக்குனதுதான். இது இப்படியே ஓடுனா இதுதான். சிக்குனா அண்ணாச்சியோடது. மத்தியானத்துக்குள்ள சான்று எழுதிரணும், திங்கக்கிழமை ஆபீசுல நிக்கணும்."

"இப்பத்தான் பிள்ள நியாயமாப் பேசுது" என்று ஞானசம்பந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காக்கா உட்காரவில்லை.

முதலில் எஃகு. அதையும் குறைசொல்ல எனக்கு நாக்கு வராது. பைய மூச்சை விட்டு டீச்சர் எட்டு சுட்டாள், எட்டும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின. ஞானசம்பந்தன் காலாட்டினார்.

அடுத்தது காக்காவுடையது. மேகசினில் தோட்டாவை அடைக்கும்போதே அவள் விரல் பிசுபிசுத்தது. ஒவ்வொரு தோட்டாவும் சளக் சளக்கென்று இறங்கியது. மேல்மூடியை இழுத்து விட்டாள். வழக்கமாக டக்கென்று விழும். அன்றைக்குச் சாப்பிட்ட மயக்கத்தில் திண்டில் சாய்கிறவர் மாதிரி மெதுவாகப் போய் மூடியது. காக்கா கண்ணை மூடி, உதட்டுக்குள் ஓதினார்.

முதல் வெடி. மூடி பின்னால் போய்த் திரும்பியது. பொன்னிறத்தில் ஒரு சொட்டு என் சட்டையில் விழுந்தது. இரண்டு, மூன்று, பத்து. நிற்கவில்லை. இரண்டாவது பத்து. நடுவில் ஒரு தடவை மூடி முக்கால் வழியில் தயங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தயக்கத்தில் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. பிறகு முன்னே போய்ப் பூட்டிக்கொண்டது. டீச்சர் கண்ணிமைக்காமல் சுட்டாள். மூன்றாவது பத்து. கிளப் முழுக்க நெய் காய்ச்சிய வாசம் அடித்தது. அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள். முப்பதும் போய், மூடி பின்னால் திறந்து நின்றது. குறியில் முப்பது ஓட்டை. அதில் இருபத்தெட்டு ஒரு சின்னத் தட்டுக்குள். இரண்டு கொஞ்சம் ஊர் சுற்றப் போயிருந்தன.

காக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீரா வே!" என்றேன்.

"என்னத்த? முப்பது சுட்டுது. நல்லாத்தான் சுட்டுது. அதுக்கு நான் மறுப்புச் சொல்லல" என்றார் ஞானசம்பந்தன். "பஞ்சாமிர்தம்ங்கீரே, அதைத்தான் நம்பல. கொஞ்சம் எண்ணெய் கூடப் போட்டுருப்பீரு. குடும் இங்கன."

வாளி என்று மூன்று மாதம் தொட மறுத்தவர், அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்டார். செய்தித்தாளை விரித்தார். காக்கா எப்படிக் கழற்றுவது என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கை கழற்றிவிட்டது. அந்தக் கை நடுங்கவில்லை. மேல்மூடி தனி, சுருள்வில் தனி, குழாய் தனி, பிடி தனி. மூடியைக் கவிழ்த்துத் தட்டினார்.

ஒரு பேரீச்சம்பழத் தோல் விழுந்தது. அப்புறம் பட்டாணி அளவில் ஒரு கற்கண்டு. அப்புறம் கருப்பாகத் தீய்ந்த வாழைப்பழம் ஒரு கரண்டி, மூன்று எறும்பு. அதில் ஒன்றுக்கு உயிர் இருந்தது. காதைக் குடைந்துகொண்டு அது செய்தித்தாளைத் தாண்டிப் போனதை ஞானசம்பந்தன் விளிம்பு வரைக்கும் கண்ணால் வழியனுப்பினார்.

விரலில் கொஞ்சம் வழித்து மோந்து பார்த்தார்.

"பச்சைக் கற்பூரம்" என்றார். "வடிவம்மா மதினி கைப்பக்குவம்."

அவர் சுருள்வில்லை வேட்டியில் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூடி ஓடுகிற தடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிடியை வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. "இவ்வளவு இடைவெளி விட்டு வச்சிருக்கான் பாரு. அழுக்கு ஒதுங்கிக்கிட இடம் விட்டிருக்கான், படுபாவி" என்று தனக்குள் சொன்னார். எங்கள் கிளப்பில் ஒருவர் ஒரு துப்பாக்கியை அவ்வளவு ஆசையாகத் திட்டி நான் கேட்டதில்லை.

பிறகு தன்னுடைய எஃகுத் துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டு, உறைக்குப் பித்தான் போட்டார். "இது என் கூடவே இருக்கட்டும்" என்றார்.

"அண்ணாச்சி, சான்று..." என்றாள் டீச்சர். படிவத்தை நீட்டினாள்.

"கொண்டா."

படிவத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். நிலை என்று இருந்த கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாளின் ஓரத்தில் பஞ்சாமிர்தக் கைரேகை ஒன்று பதிந்துவிட்டது. காக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அது போதவில்லை. "அப்படின்னா நான் சொன்னது?" என்றேன்.

"எது?"

"ஒரு படி பஞ்சாமிர்தம். உள்ளுக்குள்ள. கழுவாம முப்பது."

அவர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், வாசலில் ஈரக் கையோடு நின்ற வடிவம்மாளைப் பார்த்தார்.

"அரைப்படிதான் இருக்கும்" என்றார். "ஆனா நடந்துச்சு வே. என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு."