பேசாத பெட்டி

ஒட்டுவதற்கு முன் இம்கே அந்தப் பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகவே குலுக்கினாள். ஊஹூம். பேசினால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும், பேசாவிட்டால் ஒட்டிவிடலாம். அதுதான் அவள் கணக்கு. பிசின் நாடாவைச் சர்ரென்று இழுத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தாள்.

வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டிதான். அந்தப் பக்கத்தில் யார் வீடு மாறினாலும் கடைக்குப் போய் வாழைப்பழப் பெட்டியைத்தான் கேட்டு வாங்கி வருவார்கள். கெட்டி அட்டை, கைபிடிக்கத் துளை, காசும் கிடையாது. அடியில் மட்டும் பெரிய ஓட்டை இருக்கும். அதை இம்கே இரட்டை அட்டை வைத்து அடைத்து, மேலே குளியல் துண்டுகளை மடித்துப் பரப்பியிருந்தாள். அதன்மேல் பன்னிரண்டு ஒயின் கிளாஸ்கள், எல்லாம் நின்ற நிலையில். படுக்க வைத்தால் தன் எடையிலேயே கால் முறியும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் மெல்லிய காகிதத்தைக் கசக்கி, திணிக்காமல் வைத்தாள். அந்தக் குச்சிக் காலைச் சுற்றிக் காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கிண்ணத்தின் பருமனுக்குக் கொண்டுவந்தாள். பிறகுதான் முழுசாகப் போர்த்தினாள். நடுவில் அட்டைத் தடுப்பு. தடுப்புக்கும் கிளாஸுக்கும் நடுவே விரல் நுழைகிற இடமெல்லாம் கணவனின் கம்பளி சாக்ஸ்.

ஓனோ வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "மேல ஒண்ணும் எழுதலையா? 'உடையும், ஜாக்கிரதை'ன்னு ஒரு வரி போட்டு வையேன்."

"எழுதினாத்தான் ஜாக்கிரதையா தூக்குவேங்கறவனுக்காக நான் கட்டல. கண்ணை மூடிட்டுத் தூக்கறவனுக்காகக் கட்டியிருக்கேன்."

"வண்டிக்காரங்க கட்டினா உடைஞ்சாலும் அவங்க பொறுப்பு. நீ கட்டினா எல்லாம் உன் தலையில."

"என் தலையிலயே இருக்கட்டும்."

"என் சாக்ஸை எல்லாம் காணோமே?"

"முப்பது வருஷத்துல உன் சாக்ஸ் இப்பதான் உருப்படியா ஒரு வேலை செய்யுது. அதைக் கெடுக்காதே."

இவ்வளவு வீம்பு எதற்கு என்று ஓனோ கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். கல்யாணமான வருஷம், மாமியார் வீட்டு முதல் கிறிஸ்துமஸ் விருந்தில், சூடான குழம்புக் கிண்ணம் இம்கேயின் கையிலிருந்து நழுவிவிட்டது. அவர்கள் பரம்பரைப் பீங்கான் அது. அன்றைக்கு ஓனோவின் அக்கா தேடாவின் வாய்க்கு அவல் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யார் எதைக் கீழே போட்டாலும் "ஒரு இம்கே ஆயிடுச்சு" என்றுதான் பேச்சு. மாமியார் போகும்போது பீங்கான் முழுவதையும் தேடாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். இம்கே அதற்குக்கூட வருத்தப்படவில்லை. மகள் மரைக்கே ஆறு வயதில் பள்ளியிலிருந்து ஓடிவந்து, "அம்மா, நான் இன்னிக்கு ஒரு இம்கே பண்ணிட்டேன்" என்றாளே, அன்றைக்குத்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வாரமே கடைக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிசான கிளாஸ் எது என்று கேட்டு ஒரு டஜன் வாங்கினாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து வாங்கிய சம்பளம். வாரா வாரம் அதில் குடித்தார்கள், அவளே கழுவினாள், அவளே துடைத்தாள். இன்றுவரை ஒன்று உடைந்ததில்லை. உடைந்ததை எண்ண ஆள் இருந்தது. உடையாததை எண்ண யாரும் இல்லை.

வீட்டை விற்றாயிற்று. திங்கட்கிழமை வண்டி வந்து, நகரத்துச் சின்ன ஃப்ளாட்டுக்குப் போகிறார்கள். மரைக்கேயின் கல்யாணம் சனிக்கிழமை. முந்தின நாள் நடக்கும் தட்டுடைப்புச் சடங்கைத் தான் வளர்ந்த முற்றத்திலேயே வைக்க வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றதால், பாதி காலியான வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஊரே திரண்டு வந்தது. வந்தவர்கள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கீறல் விழுந்த பீங்கான் தட்டு, காதறுந்த கோப்பை எல்லாவற்றையும் கல் தரையில் போட்டு உடைத்தார்கள். ஹாயோவின் தீயணைப்புப் படை ஆட்கள் ஒரு பழைய கக்கூஸ் பீங்கானையே தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஹாயோ மாப்பிள்ளையின் அப்பா. ஆள் கதவு உயரம், குரல் அதைவிட உயரம்.

பீங்கான் உடைந்தால் வீட்டுக்கு நல்லது. கண்ணாடி மட்டும் உடையக் கூடாது, உடைந்தால் அந்த ஜோடியின் நல்ல காலமே அதோடு உடைந்துவிடும் என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். தேடா வாசற்கதவருகே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். வருகிற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள். ஒரு கிழவரின் பெட்டியிலிருந்து கண்ணாடி ஊறுகாய் ஜாடி ஒன்றைப் பிடுங்கித் தன் காரில் வைத்துப் பூட்டினாள். அவர்கள் கொண்டுவந்ததும் வாழைப்பழப் பெட்டிகள்தான்.

பெஞ்சு போட இடம் போதாமல் ஓனோ கார் கொட்டகையைக் காலி செய்ததும், அங்கே கட்டி வைத்திருந்ததைச் சுவரோரமாக வைத்ததும், சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த இம்கேக்குத் தெரியாது. வெளியே சத்தம் ஓய்ந்து, வழக்கப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து பெருக்கத் துடைப்பத்தை எடுக்கிற நேரம். அப்போதுதான் தேடாவின் குரல் கேட்டது.

"சம்பந்தி, அந்தச் சுவரோரம் ஒண்ணு மிச்சமிருக்கு பாருங்க! உங்க கையால முடிச்சு வைங்க!"

"ஒட்டி வெச்சிருக்காங்களே?"

"எல்லாம் நான் பார்த்து விட்டதுதான். போடுங்க!"

ரொட்டித் தட்டோடு இம்கே வாசலுக்கு வந்தாள். குறுக்கும் நெடுக்குமாகப் போன அந்த நாடா, ஹாயோவின் தலைக்கு மேலே.

அவள் வாய் திறப்பதற்குள், "பிரிச்சு ஒவ்வொண்ணா போடறதெல்லாம் சின்னப் பசங்க வேலை!" என்று ஹாயோ பெட்டியை அப்படியே வீசினார்.

தொம்.

அவ்வளவுதான். மாவு மூட்டையை இறக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். காதைப் பொத்திக்கொண்டிருந்த குழந்தைகள் கையை எடுத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன இது, தலையணையா?" என்று சிரித்தார் ஹாயோ.

"அது இம்கேயோட ஒயின் கிளாஸ்" என்றான் ஓனோ. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மரைக்கேயின் கையிலிருந்து துடைப்பம் சரிந்தது. "அம்மா... கண்ணாடியா? இன்னிக்கா?" இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் யார்தான் துணிந்து நம்பாமல் இருப்பார்கள்?

தேடா முதலில் நெஞ்சில் கை வைத்தாள், பிறகு வாயைத் திறந்தாள். "யாரு இதைக் கொண்டு வந்து இங்க வெச்சது? மேல ஒரு எழுத்தாவது இருக்கா? பொண்ணு கல்யாணத்துலகூடவா ஒரு இம்கே..."

மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

இம்கே தட்டைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள். காலடியில் பீங்கான் நொறுங்கியது. அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. உள்ளே தூளாகியிருந்தால் மகள் ஆயுசுக்கும் இந்தச் சாயங்காலத்தை மறக்க மாட்டாள், அந்தச் சொல்லும் தன் கல்லறைவரை வரும். எழுதி வைத்திருக்கலாம். வீம்பு. ஆனாலும் ஒவ்வொரு மடிப்பும் அவள் கைகளுக்கு நினைவிருந்தது.

குனிந்து பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்தாள். அத்தனை பேர் பார்க்க, குலுக்கினாள்.

பேசவில்லை.

அங்கேயே மண்டியிட்டு, ஹாயோவின் பேனாக்கத்தியை வாங்கி நாடாவை அறுத்தாள். முதலில் வந்தது ஓனோவின் கோடு போட்ட சாக்ஸ். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து ஒரு பொட்டலம். காகிதத்தைப் பிரித்து, காலைப் பிரித்து, வயிற்றிலிருந்த காகிதத்தை எடுத்துவிட்டு வானத்துக்கு எதிரே பிடித்தாள். ஒன்பது மணியாகியும் வெளிச்சம் போகாத ஜூன் மாத வானம் அதற்குள் முழுசாகத் தெரிந்தது, ஒரு கீறல் இல்லை.

"பிடிங்க சம்பந்தி."

ஹாயோ அதைக் கோழிக்குஞ்சை வாங்குவதுபோல இரண்டு கைகளிலும் வாங்கினார். "சத்தியமா நான் பலமாத்தான் போட்டேன்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

இரண்டாவது மரைக்கேக்கு. மூன்றாவது மாப்பிள்ளைக்கு. நாலாவது, ஐந்தாவது. ஒவ்வொன்று வெளியே வரும்போதும் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, ஏழாவதற்குக் கைதட்டினார்கள், ஒன்பதாவதற்குத் தீயணைப்புப் படை மொத்தமும் மேசையைத் தட்டியது. இம்கேக்குப் பெருமை தாங்கவில்லை. மறைக்கவும் தோன்றவில்லை. முப்பது வருஷத்துப் பாக்கி, வாங்கிக்கொள்வதில் என்ன வெட்கம் என்று முகம் நிறையச் சிரித்தாள். பதினொன்றாவது ஓனோவின் கைக்குப் போனது. அவன் அவளைப் பார்த்த பார்வையில் கல்யாணத்துக்கு முந்தைய ஓனோ தெரிந்தான்.

கடைசிப் பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேரே தேடாவிடம் போனாள்.

"இது உங்களுக்கு, அக்கா."

"எனக்கு எதுக்கு? நீயே பிரியேன்..."

"இல்லக்கா. நீங்கதான்."

தேடா சுற்றிலும் பார்த்தாள். நகர இடமில்லை, நாலு பக்கமும் உடைந்த பீங்கான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மோதிரம் காகிதத்தில் உரசிச் சரசரத்தது. முதல் சுற்றைப் பிரித்தாள், நிறுத்தினாள், மூச்சை இழுத்துக்கொண்டாள். மரைக்கே துடைப்பத்தை எடுத்து, அத்தை நின்ற இடம்வரை மெதுவாக ஒரு வழி பெருக்க ஆரம்பித்தாள். காகிதத்தின் இரண்டாவது சுற்று மெல்ல அவிழ்ந்து தொங்கியது. அத்தனை பேரும், மூச்சுவிடாமல், தேடாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.