ஒரே மூச்சில் சொன்னது

பக்கத்து வீட்டு டிரைவர் ஓட்டிய பஸ் பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு கீழே விழுந்ததை நான் டிவியில்தான் பார்த்தேன். அது அவர் பஸ் என்று அப்போது தெரியாது. ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, யாருடைய பேண்ட்டுக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். மிஷின் ஒரு பக்கம் ஓடும், டிவி ஒரு பக்கம் ஓடும். கொஞ்ச நேரத்தில் டிரைவரின் மனைவி செருப்புகூடப் போடாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அது அவரு பஸ்ஸாம்க்கா."

போட்டது போட்டபடி அவளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பயணிகளில் இரண்டு பேர் போய்விட்டார்கள். டிரைவருக்கு உயிர் இருந்தது, இடுப்பு நொறுங்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் படுக்க முடியாத மனுஷன் ஓடிப்போய்விடுவாராம்.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவருடைய காக்கி பேண்ட்டைத் தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். பகல் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. போன் வந்தது. கையெல்லாம் சோறு, அதனால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கம்பெனி மேனேஜர். ராத்திரி வண்டிக்கு ஆள் வரவில்லை, நீ வா என்றார். முடியாது சார், கண்ணைக் கட்டுது என்றார் இவர். "வரலேன்னா நாளையிலேருந்து வரவே வேணாம்" என்றது போன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு, நான் தைத்துக் கொண்டுபோன பேண்ட்டையே மாட்டிக்கொண்டு கிளம்பினார். இதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று அவர் மனைவி. மனைவி சொன்னால் யார் நம்புவார்கள்? இன்னொன்று நான்.

விபத்துக்கு மறுநாள் சேனல்காரர்கள் எங்கள் குடியிருப்பின் மாடி ஏறி வந்தார்கள். மைக் பிடித்த பையன், பின்னால் ஒரு கேமராக்காரர். டிரைவர் வீடு பூட்டியிருந்ததால் என் கதவைத் தட்டினார்கள். பையன் வாயைத் திறந்தால் தேன் ஒழுகியது.

"அம்மா, ரெண்டே நிமிஷம். அவரைப் பத்தி நல்லவிதமா நாலு வார்த்தை சொல்லுங்க. மக்களுக்கு உண்மை தெரியணும்ல?"

நான் தலையை வாரிக்கொண்டு வந்துதான் நின்றேன், அதில் என்ன ஒளிவுமறைவு. போன் வந்தது, மேனேஜர் மிரட்டியது, பாதிச் சோறு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பையன் கண்ணெல்லாம் கலங்குகிற மாதிரி தலையாட்டினான். கடைசியில், "கம்பெனி இப்படி ஓய்வே குடுக்காம வேலை வாங்குறது உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டான்.

"இந்த மாடியில எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஒரு நாள் இது ஆபத்துல கொண்டுபோய் விடும்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. யாரு கேக்குறா?" என்றேன்.

பேட்டி முடிந்ததும் பையன் ஒரு வேலை செய்தான். கேமராவை அவன் பக்கம் திருப்பச் சொல்லி, என் வீட்டுச் சுவரைப் பார்த்துத் தலையாட்ட ஆரம்பித்தான். சுவர் ஏதோ பெரிய துக்கத்தைச் சொல்கிற மாதிரி உதட்டைக் கடித்தான். எதிர்வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாருகிட்ட தம்பி பேசுறீங்க?"

"ஒரே கேமராதானேம்மா. உங்களை எடுக்கும்போது என் மூஞ்சி வராது. இப்போ தனியா எடுத்து அப்புறம் ஒட்டிக்குவோம்."

அடுத்து, கேள்விகளையும் சுவரிடம் கேட்கப் போகிறான் என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். அவன் சுவரிடம் என்ன கேட்டான் என்பதை நான் கேட்கவில்லை. அந்த இரண்டு டம்ளர் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சாயங்காலம் மாடியே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. முதலில் விளம்பரம் வந்தது. அதே கம்பெனியின் பஸ், மெத்தை மாதிரி சீட், தூங்குகிற குழந்தையின் தலையைத் தடவும் அம்மா. அது முடிந்ததும் செய்தி. பையன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டான்: "டிரைவரோட கவனக்குறைவு பத்தி உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமாம்மா?"

உடனே நான் வந்தேன். தலை வாரி, நெற்றி பளபளக்க. "இந்த மாடியில எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஒரு நாள் இது ஆபத்துல கொண்டுபோய் விடும்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. யாரு கேக்குறா?"

அவ்வளவுதான். போனும் இல்லை, மேனேஜரும் இல்லை, பாதிச் சோறும் இல்லை. அடுத்து வானிலை.

"இப்படியா சொன்னே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்களாவது வாயை மூடிட்டு இருங்க" என்றேன். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக, அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்த மாதிரி எழுந்து போனார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். அங்கேயும் அது ஓடியிருக்கிறது. டிரைவர் படுத்தபடி பார்த்திருக்கிறார், காவலுக்கு இருந்த போலீஸ்காரரும் பார்த்திருக்கிறார். அவர் மனைவி வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். கேள்வியை மாற்றிவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதாக்கா உங்களை" என்றாள். ஆனால் கதவை முழுக்கத் திறக்கவில்லை, ஒரு கை நிலைச்சட்டத்திலேயே இருந்தது.

மறுநாள் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு சேனல் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, பல்லைக் கிட்ட வைக்கும் ஏசி. ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டுச் செய்தி ஆசிரியர் வந்தார். மரியாதையான மனுஷன். உட்காரச் சொன்னார், காபி சொன்னார், அப்புறம் கேட்டார்:

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையாவது நாங்க மாத்தினோமாம்மா?"

"வார்த்தையை மாத்தலை. கேள்வியை மாத்திட்டீங்க."

"கேள்வி எங்களோடதும்மா. அதை நாங்க எப்படி வேணும்னாலும் வச்சுக்கலாம்."

இவ்வளவு பச்சையாக ஒருத்தர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மேனேஜர் மிரட்டினதை ஏன் போடலை?"

"அதுக்கு ஆதாரம் வேணும். கம்பெனி கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது?"

"டிரைவர் கவனக்குறைவுன்னு போட்டீங்களே, அதுக்கு ஆதாரம்?"

"அவரு கேஸ் போட மாட்டாரும்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

படியிறங்கும்போது அந்தப் பையன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அம்மா, சத்தியமா நான் முழுசாத்தான் குடுத்தேன். மேல வெட்டிட்டாங்க."

"சுவத்தைப் பாத்து ஒரு கேள்வி கேட்டியே, அதுவும் மேல இருந்தவங்க கேட்டதா?"

தலையைக் குனிந்துகொண்டான். "போன்ல அனுப்புவாங்கம்மா, இதையும் கேட்டு வாங்கிட்டு வான்னு. வீட்டுல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன்." பிறகு சொன்னான், "நாளைக்கு மறுபடி வரேன். வெட்ட முடியாத மாதிரி சுருக்கமா ஒரே வாக்கியமாச் சொல்லுங்க. கண்டிப்பாப் போட வைக்கிறேன்."

வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். சூடு பட்ட பிறகும் அடுப்பில் கை வைக்கிறாயே என்றார். நான் கேட்கவில்லை. அங்கே ஒரு மனுஷன் இடுப்பு உடைந்து கிடக்கிறார், குற்றம் அவர் தலையில் விழுந்தால் ஜெயில், வைத்தியச் செலவுக்குக் கம்பெனி கையை விரித்துவிடும், இரண்டு உயிரைக் கொன்றவர் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி? வெட்டுவதும் தைப்பதும்தான் என் தொழில். எங்கே கத்தரி வைத்தாலும் துணி பாழாகிற மாதிரி ஒரு வாக்கியம் தைத்தேன்:

"பகல் பூரா ஓட்டிட்டு வந்த மனுஷனை ராத்திரியும் ஓட்டலேன்னா வேலையே இல்லேன்னு மிரட்டிக் கூப்பிட்டது கம்பெனி மேனேஜர்தான், அதை நான் என் காதால கேட்டேன்."

நடுவில் மூச்சு விட்டால் அங்கே வெட்டிவிடுவார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வீட்டுக்காரரைக் கேமரா மாதிரி நிற்க வைத்தேன்.

"கொஞ்சம் மூச்சு விடு. நீ போய்ச் சேர்ந்தா அதுவும் செய்தியாயிடும்" என்றார் அவர்.

பையன் வந்தான். சொன்னேன். இந்தத் தடவை கேமரா அவன் பக்கம் திரும்பவே இல்லை, நான் விடவில்லை. கையை நீட்டி, குரலை உயர்த்தி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். "பிரமாதம்மா" என்றான்.

சாயங்காலம் யாரையும் கூப்பிடவில்லை. நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பஸ் விளம்பரம் முடிந்தது. திரையில் நான் வந்தேன். வாய் அசைகிறது, கை நீள்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. என் குரலுக்குப் பதிலாகச் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் வந்தது.

"விபத்தை ஏற்படுத்திய டிரைவர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அவர் வசிக்கும் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே ஆவேசத்துடன் கோரியுள்ளனர்."

அதற்கப்புறம் கம்பெனி முதலாளி வந்தார். பயணிகளின் பாதுகாப்பே எங்கள் உயிர் என்றார். ஆழ்ந்த இரங்கல் என்றார். நிறுத்தி நிதானமாக, முழு முழு வாக்கியமாகப் பேசினார். நடுவில் ஒரு தடவை இருமினார். அந்த இருமலைக்கூட வெட்டவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் கிண்டல் செய்யாமல் எழுந்து டிவியை அணைத்தார்.

சில வாரம் கழித்து டிரைவரின் மனைவி ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும்மா, கேஸே திரும்பிடும். நேர்ல கேட்ட சாட்சி!" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே. டிவியில வந்த அம்மாவா நீங்க?"

ஆமாம் என்றேன். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"உங்களைச் சாட்சியா நிறுத்தினா அவங்க வக்கீல் முதல்ல அதைத்தான் போட்டுக் காட்டுவாரு. அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்கம்பாரு. உள்ளதும் போயிடும்."

"நான் பேசினது முழுசா அவங்ககிட்ட இருக்குமே, கேளுங்க."

"இந்த விபத்து பத்தி அவங்க எடுத்தது எல்லாத்தையும் முன்னாடியே கேட்டேன். அழிச்சிட்டாங்களாம்."

அவர் முன்னால் போய்ப் படியில் நின்றார். டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் என்னைத் தொட்டாள்.

"அக்கா, நீங்க எங்களுக்காகத்தான் பேசினீங்க. ஆனா இனிமே யாருகிட்டயும் எங்களைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க. உங்க கால்ல விழுறேன்."

சொல்லவில்லை. கோர்ட் விசாரணை நாளன்று காலையில் அந்தப் பையன் கீழே கேட் பக்கம் மைக்கோடு நின்றான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனைத் தாண்டிப் போனேன். மத்தியானச் செய்தியில் அதுவும் வந்தது. டிரைவருக்கு ஆதரவாகப் பேச அக்கம்பக்கத்தினர் மறுத்துவிட்டார்கள் என்றார்கள். வாயைத் திறந்தாலும் அவர்களுக்குச் செய்தி, மூடினாலும் செய்தி. மேனேஜர் மிரட்டியதற்குச் சாட்சி யாரும் வரவில்லை, அதனால் கம்பெனி மேல் தப்பில்லை, வழக்கு டிரைவர் மேல்தான் என்று சாயங்காலம் தெரிந்தது. சாட்சி வீட்டில் அழுதுகொண்டிருந்தது.

விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரை ஜாமீனில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள், அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். நான் என் வாசலில் நின்றேன். பாதியாக இளைத்திருந்தார். என் கதவுக்கு நேரே வந்ததும், கொஞ்சம் இறக்குங்க என்றார். இறக்கி வைத்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்க்கா?" என்று கேட்டார்.

"என்னங்க, நான்தான் எல்லாம் சொன்னேனே" என்றாள் அவர் மனைவி.

"நீ சொன்னே. நான் கண்ணால பாத்தேனே" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன். அவர் மனைவி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாற்காலியை உள்ளே தூக்கிப் போனார்கள், அவள் கதவைச் சாத்தினாள்.