பெரிதாய் எதுவும் போகவில்லை

வீட்டு இணையப் பெட்டிகளுக்கு ஃபயர்வால் விதிகள் எழுதுவது அவள் வேலை. பெட்டி வாங்கியவர் எதையும் தொடாவிட்டாலும், வெளியிலிருந்து எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று அந்த விதிகளே முடிவு செய்யும். அவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் அபூர்வம்.

அன்றைய கூட்டத்தில், "வெளிய இருந்து வர்ற கட்டுப்பாட்டுத் தகவல் எல்லாத்தையும் மூடிடலாம்" என்றாள்.

எதிரில் இருந்தவன் விடவில்லை. எதற்கெடுத்தாலும் இணையத்துக்கான தர ஆவணத்தைக் காட்டுவதால் அலுவலகத்தில் அவனுக்குச் 'சட்டம்' என்று பெயர்.

"அக்கா, 'டேட்டாப் பொட்டலம் பெருசா இருக்கு, சின்னதாக்கி அனுப்பு'ன்னு வழியில இருந்து ஒரு தகவல் வரும். அதை மட்டும் விட்டே ஆகணும்னு போட்டிருக்கு. அது வரலைன்னா போன் பெருசாவே அனுப்பிக்கிட்டுக் கெடக்கும். ஒண்ணும் போய்ச் சேராது."

"எத்தனை வீட்டுல அப்படி ஆகும்? ஓட்டை இருந்தா எவனும் எல்லா வீட்டுலயும் நுழைவான். தரம் எழுதினவங்களா வந்து பதில் சொல்வாங்க?"

"சரி தாயே, நீங்க சொன்னா அப்பீலே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் மூடப்பட்டது. அந்த விதிகளோடு வந்த முதல் பெட்டிகளில் ஒன்றைப் பெருமையோடு அப்பா வீட்டில் அவளே மாட்டிவிட்டு வந்தாள்.

தம்பி சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் அப்பா அவளை அழைத்தார்.

"ஏம்மா, தம்பிக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். சுத்திக்கிட்டே நிக்குது. எழுத்து போகுது. பெருசா எதுவும் போகமாட்டேங்குது."

"நான் வெச்ச பெட்டிப்பா அது. உங்க விரல்தான் எங்கயோ தப்பா அழுத்துது. சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்பிடுங்களேன்."



"அது எழுத்துல வந்தா எழுதியிருக்க மாட்டேனா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அப்பாவின் கட்டில் ஓரத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். தன் போனை அவளிடம் நீட்டினான். அப்பா அனுப்பியது: 'பாத்தியா?' அவன் பதில்: 'எதை?' அதோடு சரி.

"'நான் கெடக்குறதைப் பாத்தியா'ன்னு குத்திக் காட்டுறார்னு நெனச்சேன்க்கா. கடைசி வரைக்கும் வீம்பு."

அவள் அப்பாவின் போனைத் திறந்தாள். போகாத வீடியோ அப்படியே இருந்தது. மறுபடி அனுப்பினாள். வட்டம் சுற்றியது. ஒற்றை எழுத்தை அனுப்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் தம்பியின் போன் உடனே ஒலித்தது. வீடியோ மட்டும் நகரவில்லை.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை; கூட்டத்தில் 'சட்டம்' சொன்னது அதைத்தான். அந்தப் பெட்டியின் இணைப்பைத் துண்டித்து, தன் போனின் இணைப்பைக் கொடுத்தாள். வீடியோ போய்விட்டது.

திரை முழுக்க அப்பாவின் முகம்.

"டேய், நான்தான்டா. கோவத்துல வருஷம் ஓடிப்போச்சு. அவளையும் கூட்டிக்கிட்டு வந்துடு. இருக்குறப்பவே வந்துடு."

பதிவை நிறுத்தத் தெரியாமல், அதன் பிறகும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு இரண்டு முறை அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இது ஏன்க்கா எனக்கு வரல?"

பொட்டலம், தகவல், தரம் என்று சொல்ல அவளிடம் எல்லா வார்த்தையும் இருந்தது.

"நான் விடல" என்றாள்.

தம்பிக்குப் புரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், குனிந்து, அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பகுதியை மறுபடி ஓடவிட்டான்.