வரிசையில் ஒரு கல்

நெலிடா படியேறி வந்தபோது வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே பிள்ளைகள் இல்லை.

காலையில் வெளியிலிருந்து பூட்டியவள் அவளேதான். பெரு நாட்டு லிமா நகரின் அந்த மணற்குன்றில், கட்டியவன் கைவிட்டுப் போனவளுக்கு வேறு வழி ஏது? ஆறு வயது யுமிராவையும் இரண்டு வயது ஜோயலையும் அவித்த உருளைக்கிழங்கோடு உள்ளே விட்டுவிட்டு, சந்தையில் மீன் அரியும் புது வேலைக்கு ஓடியிருந்தாள். பூட்டி வைத்த பிள்ளைகளை அதிகாரிகள் விடுதிக்குத் தூக்கிப்போவார்கள் என்று குன்றே பேசும். தூக்கிப்போய்விட்டார்களா? யாரையாவது கேட்கலாமென்று படிகளில் விழுந்தடித்து இறங்கினாள்.

பாதி வழியில், பெண்கள் முறைவைத்துப் பொங்கும் பொதுச் சமையல் கொட்டகையிலிருந்து ஜோயலின் சிரிப்புக் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால், வாயெல்லாம் பயறுக் குழம்போடு இரண்டும் உட்கார்ந்திருந்தன. நெலிடா அப்படியே தரையில் சரிந்து இரண்டையும் வாரி அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

"வாடி மகராசி!" சமையலுக்குத் தலைவியான ஹெர்மிலா அகப்பையை ஆட்டினாள். "அந்தப் பூட்ட எங்கடி வாங்கின? அத உடைக்கறதுக்குள்ள என் தோள்பட்டையே கழண்டுபோச்சு."

"அதிகாரிங்கதான் தூக்கிட்டாங்கன்னு நெனச்சேன், அக்கா."

"அதிகாரியாவது மண்ணாவது! மூணு நாளா உன் பானை சாப்பாட்டு வரிசைக்கு வரல. என்னமோ ஏதோன்னு வந்து பாத்தா, உன் மக ஜன்னல்ல நின்னு, 'யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு'ன்னு ஒரு மணி நேரம் பேசறா!"

"வேலைக்குப் போறதால என் முறைக்குச் சமைக்க வர முடியல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பானைய வைப்பேன்?"

"உன் மூஞ்சிய யாருடி கேட்டா? ஞாயித்துக்கெழமை வந்து வெங்காயம் உரி. அழறதெல்லாம் அப்ப அழுதுக்கோ. தெனமும் நீ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் புள்ளைங்க இங்க இருக்கட்டும்."

மறுநாள் காலை நெலிடா புதுப் பூட்டு வாங்கவில்லை. கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, பிள்ளைகளோடு கொட்டகைக்கு வந்தாள். ஆளுக்குப் பதிலாகப் பானைகளே அங்கே வரிசையில் நிற்கும். கூச்சத்தோடு கடைசிக்குப் போனவளை யுமிரா பிடித்து இழுத்தாள்.

"அங்க இல்லம்மா. நம்ம எடம் இதுதானாம்."

இரண்டு பானைகளுக்கு நடுவே, அவள் பானைக்கு இடம்பிடித்து ஒரு கல் இருந்தது. மூன்று நாளாக அதை யாரும் நகர்த்தவில்லையாம். நெலிடா கல்லை எடுத்துவிட்டுத் தன் பானையை வைத்தாள்.