மேல்தொட்டியில் எவ்வளவு இருக்கிறது

கட்டுப்பாட்டு அறையில் அவள் முன்னால் இருந்த திரை, மேல்தொட்டி பாதி காலி என்று காட்டியது. கீழே இருக்கும் பம்ப் நிலையங்கள் ஒரு குடும்பம் மாதிரி; ஒரு தொட்டி வற்றினால் போதும், யாரையும் கேட்காமல் எல்லாமாகச் சேர்ந்து தண்ணீர் ஏற்றத் தொடங்கிவிடும். இன்று எவனோ ஒரு விஷமி அவற்றின் நெட்வொர்க்கில் புகுந்து பொய் அளவுகளை அனுப்புகிறான் என்று தலைமை அலுவலகம் எச்சரித்திருந்தது. எது பொய் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அவள் மோட்டார்களை நிறுத்தி, தொட்டி நிஜமாகவே வற்றிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போகாது. ஓடவிட்டு, தொட்டி நிறைந்திருந்தால் பழைய சுவர் தாங்காது. சுவருக்குக் கீழே வரிசையாக வீடுகள்.

மேல்தொட்டி ஆபரேட்டர் அவள் கணவன். இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதை அவளிடம் மறைத்த மகானுபாவன். நாத்தனார் வாய்தவறி உளறிய நாளிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "ஒண்ணுமில்ல" என்பது அவனுடைய தாரக மந்திரம். வீடு பற்றி எரிந்தாலும், கொஞ்சம் புகை, அவ்வளவுதான் என்பான். அவன் வாயை நம்பியா ஊர்த் தண்ணீரை நிறுத்துவது? வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள்.

"தொட்டியில எவ்வளவு இருக்கு?"

"மீட்டர் பாதின்னு காட்டுது. நம்பிக்கை வரல. ஏணியில ஏறிப் பாத்துட்டிருக்கேன்."

"உங்களை யாரு ஏறச் சொன்னா?"

மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. பிறகு, "வழியப் போகுதும்மா. சுவர் கசியுது. எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமான நாளாய் அவன் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததில்லை. அதற்குமேல் அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மேல்தொட்டி சொல்வதை எந்த மோட்டாரும் கேட்காதபடி நெட்வொர்க்கிலிருந்து அதைத் துண்டித்தாள். மேஜை போனில் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டு, "திரையைப் பாக்காதீங்க. நான் சொல்றேன், மோட்டாரை நிறுத்துங்க" என்றாள். எல்லோரும் நிறுத்தினார்கள்.

"தண்ணி ஏறுறது நின்னுடுச்சு" என்றான் கணவன்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

பழைய பதில் அவன் நாக்கு நுனி வரை வந்திருக்கும்.

"வலிக்குது" என்றான்.

அவளுடைய கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம் ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னாள். "மெதுவா இறங்குங்க. போனை மட்டும் வைக்காதீங்க."

அவன் சட்டைப் பையில் போன் உரசுவது கேட்டது. இரும்புப் படியில் ஒரு செருப்புச் சத்தம். நின்றது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு படி.