நாலு மணிக்குப் போன் வராவிட்டால்

என் தங்கை தவளைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஊர்க் குளத்துத் தவளைகள் அவளுக்கு ஆகாது. பஸ்ஸில் போய், ஜீப்பில் போய், அதற்கு மேலும் நடந்தால் வருகிற மலை ஓடையில் இருப்பவைதான் வேண்டும். வயது இருபத்தேழு ஆகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். ஊரார் என்னைத் திட்டுவார்கள், நான் பொறியாளர்களைத் திட்டுவேன். வீட்டிலும் எனக்கு அதே குரல்தான் என்று என் கணவர் சொல்வார். சொன்ன கையோடு வேறு அறைக்குப் போய்விடுவார்.

இந்த முறை பேராசிரியர் துணைக்கு வரவில்லை. பாப்பாவே ஓர் இளைய மாணவியை அழைத்துக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். அந்தப் பெண்ணின் உயிருக்கும் தான்தான் பொறுப்பு என்ற நினைப்பு வந்ததும் பாப்பா எங்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். வரைபடம், கயிறு, முதலுதவிப் பெட்டி, மழைக்கோட்டு என்று மேசை நிறைந்துவிட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

"இவ்வளவு பயமா இருந்தா எதுக்குடி போற?" என்றாள் அம்மா.

"பயம் இருக்கட்டும்மா. பயமே இல்லாம போறவங்க கூடதான் நான் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

அவள் திட்டம் இதுதான். தினமும் நாலு மணிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்து ஊரில் ஒருவருக்குப் போன் செய்வாள். ஐந்து மணி வரை போன் வராவிட்டால் அவர் வனத்துறையின் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவு செய்யத்தான் அவள் ஒத்திகை வைத்தாள். ஒத்திகை என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஊர் எல்லையில் ஏதோ வேலை என்று கிளம்பிப் போவாள், வேண்டுமென்றே போன் செய்ய மாட்டாள். மீட்புக் குழுவின் எண் என்று அப்போதைக்கு அவள் கொடுத்திருந்தது அவளுடைய தோழியின் எண்.

முதல் நாள் அப்பாவின் முறை. "பாவம், வேலையா இருப்பா" என்று செய்தித்தாளை மடித்து மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் அம்மா. சித்தி, அத்தை, பெரியம்மா என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் செய்து அழுதாள், அந்த ஓர் எண்ணைத் தவிர. என் கணவர் தூங்கிவிட்டார். பேராசிரியரையும் பாப்பா விட்டுவைக்கவில்லை. "சிக்னல் இருந்திருக்காது" என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டாராம்.

என் முறை வந்தபோது நான் நேரம் தாண்டியதுமே போன் செய்தேன். எடுத்தவள் கொஞ்சம் இழுத்துப் பேசியதும் அவளை ஒரு வாங்கு வாங்கிவிட்டேன். அந்தத் தோழி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

"அக்கா, நீதான்" என்றாள் பாப்பா.

"இதுக்குப் பேரு பரீட்சையாடி? நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு!"

"கேளு. நீ மீட்புக் குழுவைக் கூப்பிட்டு, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு வெச்சுக்கோ, காட்டுக்குள்ள போற எங்க அனுமதியை வனத்துறை ரத்து பண்ணாலும் பண்ணுவாங்க. மூணு வருஷ வேலை நின்னுபோகும். போனா போகட்டும். அந்த முடிவை நான் இப்பவே எடுத்துட்டேன். அன்னிக்கு நீ எடுக்க வேண்டாம்."

எனக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. மலைக்குப் போய் நாலைந்து நாள் அவள் சொன்னபடியே போன் வந்தது. பிறகு ஒரு நாள் வரவில்லை.

அலுவலகத்தில் என் மேசைமேல் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். அவரை வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதையாகக் காத்திருக்கச் சொன்னேன். ஐந்து மணி நெருங்கும்போது பேராசிரியருக்குத் தகவல் சொன்னேன்.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார் அவர். "பேட்டரி தீர்ந்திருக்கும். வனத்துறைக்குப் போச்சுன்னா இந்த வருஷம் முழுக்க உள்ளேயே விட மாட்டாங்க. அந்தப் பொண்ணோட உழைப்பு பூரா வீணாயிடும். காலையில பார்த்துக்கலாமே."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஊரையே அதட்டுகிற நான் அன்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பேட்டரிதான் என்றால், தங்கை படிப்பில் மண்ணைப் போட்டவள் நான்தானே? ஆனால் போனா போகட்டும் என்று அவள் சொன்ன முகம் கண் முன்னால் வந்தது. ஐந்து அடித்ததும் மீட்புக் குழுவை அழைத்தேன். எந்த இடம் என்று கேட்டார்கள். ஓடை இரண்டாகப் பிரியும் இடம், எது நடந்தாலும் அங்கிருந்து நகர மாட்டார்கள் என்றேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அவள் அப்படி மனப்பாடம் பண்ண வைத்திருந்தாள்.

இருட்டிய கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இளைய மாணவி பாசியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்திருந்தது. அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்ததில் இரண்டு போன்களும் ஓடையோடு போய்விட்டன. முறிந்த காலுக்கு மழைக்கோட்டைச் சுற்றிக் கட்டுப் போட்டு, அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாளாம்.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் அவளைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிராய்ப்பு. பேராசிரியர் முந்திக்கொண்டு வந்து, அனுமதியை நிறுத்திவிட்டார்கள், அடுத்த மழைக்காலம் வரை மலைக்குப் போக முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "சரி சார்" என்றாள் அவள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் கூடப் பிறந்தவளைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது.

அவர் போனதும், "உன் ஒரு வருஷத்தை வாங்கிட்டேனேடி" என்றேன்.

"ஜீப் ரோடு அங்கிருந்து ஒரு மணி நேர நடைதான்க்கா. நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம். அவ என் கையை விடவே இல்ல. 'அக்கா, தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க'ன்னு அழுதா."

"அப்புறம்?"

"போக மாட்டேன்னு சொன்னேன். எங்க அக்கா இந்நேரம் கூப்பிட்டிருப்பான்னு சொன்னேன்."

நான் வராந்தா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.