சரோஜாவின் நாக்கு

செந்தாமரைக்கு ஒருத்தி மேல் கோபம் வந்தால் அது சோறு மாதிரி ஆறிப் போகாது, ஊறுகாய் மாதிரி நாளாக நாளாக ஊறும். நாத்தனார் சரோஜாவின் மேல் வந்த கோபத்தைத் தை மாதம் ஜாடியில் போட்டாள். சித்திரைக்குள் அது நன்றாகவே ஊறியிருந்தது.

சரோஜா, செந்தாமரையின் கணவன் டில்லிபாபுவின் அக்கா, புருஷனை இழந்தவள். இரண்டு பேருக்கும் சேரப்பணஞ்சேரியில் அடுத்தடுத்த தெரு. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் செந்தாமரை லைன் லீடர். அதே கம்பெனி கேன்டீனில் காண்ட்ராக்டில் சாம்பார் ஊற்றுகிறவள் சரோஜா. அவளுக்குக் கருநாக்கு என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. கருநாக்குக்காரி கெட்டது சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். இந்த போர் வத்திடும் என்றாளாம், வற்றியதாம். மழையே இல்லாத வருஷத்தில் எந்த போர்தான் வற்றாது? ஷிஃப்ட் பஸ் நடுவழியில் நிற்கும் என்றாளாம், நின்றதாம். அது வாரம் ஒரு தரம் நிற்கிற பஸ் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஊர் வாய்க்கு உலைமூடி ஏது.

செந்தாமரையின் மகள் பூஜாவுக்குப் பதினாலு வயது, ஒன்பதாவது படிக்கிறாள். மார்கழிக் கடைசியில் அவள் கழுத்தின் இடது பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. பொன்னுக்கு வீங்கி என்று செந்தாமரையே முடிவு கட்டிவிட்டாள். பெயரிலேயே வைத்தியம் இருக்கிறதே, பொன்னைப் போட்டால் வற்றிவிடும். தன் கழுத்துச் செயினைக் கழற்றிப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு அத்தோடு அதை மறந்தாள்.

பொங்கலன்று சரோஜா வந்தாள். தம்பி மகளை உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டவள், செயினை ஒதுக்கி அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சமும் வலிக்கவில்லை என்றாள் பூஜா. சரோஜாவின் கை பின்னலிலேயே நின்றுவிட்டது.

“இது பொன்னுக்கு வீங்கி இல்ல, தாமர. அது காதுக்குக் கீய வீங்கும், தொட்டாலே புள்ள கத்தும். பத்து நாள்ல வத்திடும். இது கல்லு கணக்கா கீது, வலியே இல்லன்றா. பெரிய வியாதியா கீதோ இன்னாமோ. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. வுட்டா கை மீறிப் பூடும்.”

நல்ல நாளும் அதுவுமாக, கருநாக்கால், வயசுக்கு வந்த பெண்ணைப் பார்த்து. செந்தாமரை பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இனி இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். பெண்டாட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிய டில்லிபாபு, ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். பைக்கை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போய்விட்டான்.

செயின் கழுத்தில் கிடந்தது, வீக்கமும் கிடந்தது. மாசியில் பூஜாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். தூங்கி எழுந்தால் தலையணை வேர்வையில் ஊறிக் கிடந்தது. யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆனது. பக்கத்து கிளினிக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், வேளை தவறாமல் சாப்பிட்டாள். சித்திரையில் குன்றத்தூர் மலைப்படி பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் எக்ஸ்ரே, சென்னைப் பெரியாஸ்பத்திரி, கட்டியை எடுத்துப் பரிசோதனை எல்லாம். லிம்போமா என்று வந்தது. நிணநீர் முடிச்சில் வரும் புற்றுநோய்.

கம்பெனியில் ஒரு ஒயர் பழுதாக வந்தால் ‘வொய்-வொய்’ ஷீட் எழுத வேண்டும். ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்தாவது பதிலில் வேரைப் பிடிக்க வேண்டும். அதில் ஒரு கட்டளை, பதிலில் ஆள் பெயர் இருக்கக்கூடாது. இருந்தால் மேனேஜர் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஆளைக் குறை சொன்னால் பழுது அப்படியே இருக்கும் என்பார். நாற்பது பெண்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவள் செந்தாமரை. தன் பெண்ணுக்கு வந்ததற்கு மனசுக்குள் அவளும் ஒரு ஷீட் எழுதினாள். ஏன் வந்தது? சரோஜா சொன்னாள், வந்தது. முதல் ஏனிலேயே பேனாவை மூடிவிட்டாள்.

பழி வாங்க அவளுக்குக் கத்தியும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். அவள் லைனில் வேலை செய்யும் ஒரு கங்கா போதும். கங்காவிடம் சொன்னால் ஒரு ஷிஃப்டில் கம்பெனி முழுக்கப் போய்விடும். அவ கையால வாங்கி சாப்பிடாதீங்கடி, பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா அவ்ளோதான், என் பொண்ண பாருங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கண்ணீர் பொய்யில்லை, அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

ஒரே வாரத்தில் சரோஜாவின் சாம்பார் வரிசை காலியானது. பெண்கள் அடுத்த வரிசையில் அரை மணி நேரம் நின்று, தீய்ந்து போனதை வாங்கிக்கொண்டு போனார்கள். முழுகாமல் இருந்த ஒருத்தி, சரோஜாவைப் பார்த்ததும் துப்பட்டாவால் வயிற்றை மூடிக்கொண்டாள். சரோஜா கரண்டியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காண்ட்ராக்டர் அவளைத் தட்டு கழுவப் போட்டான். கழுவின தட்டையும் பெண்கள் மறுபடி கழுவினார்கள். கடைசியில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டான். சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனதைச் செந்தாமரை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

பூஜாவுக்கு இரண்டாவது சுற்று மருந்து ஏறியபோது முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அன்றைக்கு டாக்டர் ஷெர்லினிடம் செந்தாமரை, பல நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். இது பொங்கலுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று. டாக்டர் கொஞ்சம் திகைத்தார். அவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது என்றார். வீக்கம் மார்கழியிலேயே தெரிந்ததென்றால் அதற்கு முன்பே உள்ளே தொடங்கியிருக்கும். அஞ்சு வயசுக்குள் இந்த வகை மிக அபூர்வம், பன்னிரண்டு பதிமூன்றைத் தாண்டிய பிள்ளைகளிடம்தான் அதிகம் பார்க்கிறோம், சின்னப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை என்று பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் ஏன் வருகிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாது. ஒட்டிக்கொள்வதில்லை, சாப்பாட்டால் வருவதில்லை, பெற்றவர்கள் செய்த எதனாலும் வருவதில்லை என்றும் சொன்னார். பிறகு ஃபைலைப் புரட்டியபடி, ஆரம்பத்தில் வீட்டில் யாருமே சந்தேகப்படவில்லையா என்று கேட்டார்.

“அத்தை சொன்னாங்க டாக்டர்,” என்றாள் பூஜா. “வலி இல்லாம கீது, அதான் பயம்னு. பொங்கல் அன்னிக்கே.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க அத்தை சரியாத்தான் சொல்லியிருக்காங்க. வலி இல்லாம, வத்தாம இருக்கிற கட்டியைத்தான் முதல்ல காட்டணும். அப்பவே வந்திருந்தா கழுத்தோட நின்னிருக்கலாம். இப்ப நெஞ்சுலயும் இருக்கு. ஆனா பயப்படாதீங்க, இது நல்லா குணமாகிற வகைதான்.”

நியாயமாகப் பார்த்தால் செந்தாமரைக்கு அப்போது வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான், அதுவும் சரோஜாவின் மேலேயே. தான் தப்பு என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள், சரோஜா சரி என்பதை எப்படிப் பொறுப்பது? தாம்பரம் வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் பயம் பிடித்தது. குணமாகும் என்று டாக்டர் சொன்னதை நம்பினாள். கை மீறிப் பூடும் என்று சரோஜா சொன்னதையும் நம்பினாள். ஒரே தலைக்குள் இரண்டும் கிடந்து முட்டிக்கொண்டன. டாக்டரின் மருந்து ஒரு பக்கம் ஏறட்டும். அந்த நாக்கில் விழுந்ததை அந்த நாக்கே திருப்பிச் சொன்னால்தான் தன் பெண் பிழைப்பாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

சரோஜா வாலாஜாபாத் போய்விட்டிருந்தாள், ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செந்தாமரை அங்கே போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி முடிந்திருந்தது. பின்கட்டில் எச்சிலிலைக் குவியலுக்குப் பக்கத்தில், ஆள் உயர அண்டா ஒன்றைச் சாய்த்துப் போட்டு, உள்ளே பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் சரோஜா. கூப்பிட்டதும் வெளியே வந்தாள். முழங்கை வரை கரி.

“இன்னா, இங்கயும் யார்கிட்டன்னா சொல்ல வந்தியா?”

செந்தாமரை ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கங்காவிடம் சொன்னது, காண்ட்ராக்டர் வரைக்கும் போனது, டாக்டர் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மன்னிப்புக் கேட்டாளா என்றால், அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

“பூஜாவுக்கு நல்லாயிடும்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா நடக்கும்.”

சரோஜா கையிலிருந்த நாரைக் கீழே போட்டுவிட்டு அவள் எதிரில் குந்தினாள்.

“என் நாக்குல ஒண்ணும் இல்லடி. கண்ணு கீது, பாத்தேன். பாத்தத சொன்னேன். அந்தப் புள்ளைய நானும்தானே தூக்கி வளத்தேன்?”

“சொல்லுங்க அண்ணி.”

“அப்போ இன்னும் நம்புற.”

செந்தாமரை தலையாட்டினாள். சரோஜா எழுந்து போய்க் குழாயில் கையை நன்றாகக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

“பூஜாவுக்கு நல்லாயிடும். முடி வளரும், பத்தாவது படிப்பா, கண்ணாலம் கட்டுவா, நூறு வருசம் இருப்பா. போதுமா?”

செந்தாமரைக்கு அழுகை பீறிட்டது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். இத்தனை மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல் உருண்டு போனது போல இருந்தது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு திரும்பினாள்.

“இரு,” என்றாள் சரோஜா. “உனுக்கும் ஒண்ணு சொல்லணும்.”

செந்தாமரையின் கால் அங்கேயே நின்றது. சரோஜா வாயைத் திறந்தாள். ஒரு கணம் அப்படியே வைத்திருந்துவிட்டு மூடிக்கொண்டாள். தேங்காய் நாரைக் கையில் எடுத்துக்கொண்டு அண்டாவின் பக்கம் போனாள்.

“இன்னா அண்ணி? இன்னா சொல்லப் போறீங்க?”

செந்தாமரை அவள் பின்னாலேயே போனாள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள், எதுவானாலும் பரவாயில்லை என்று கெஞ்சினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வாசல் பக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். அது அவள் காதில் விழவே இல்லை.

“சொல்றேன், சொல்றேன். அவசரம் இன்னா?” என்றபடி சரோஜா அண்டாவுக்குள் தலையை விட்டாள்.